ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா வலைச் செயலிக்குள் வலைச் சேவையை அமைப்பது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கோரிக்கைகளைக் கையாளும் ஸ்ட்ரட்ஸ் 1, பக்கங்களை வரையும் ஜேஎஸ்பி, தரவுத்தளத்தோடு பேசும் ஹைபர்நேட் ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பட்ட கொள்முதல் செயலி ஒன்று உங்கள் அலுவலகத்தில் ஜாவா 8, டாம்கேட் 9 ஆகியவற்றின் மேல் பல ஆண்டுகளாக ஓடுகிறது. கைப்பேசிச் செயலி எழுதும் குழுவுக்கு இப்போது அதே தரவு ஜேசன் வடிவில் வேண்டும். வலைச் சேவை எழுத உதவும் ஜெர்சி நூலகத்தின் ஜார் கோப்புகளைச் சேர்த்து, ஒரு வகுப்பையும் எழுதிப் பார்த்தீர்கள். ஒரு முகவரிக்கு 404 வருகிறது, இன்னொன்றுக்கு உள்நுழைவுப் பக்கத்தின் எச்டிஎம்எல் வருகிறது. இதே செயலிக்குள் வலைச் சேவையை வைக்கலாமா, வைத்தால் எப்படி உள்ளமைப்பது என்று கேட்கிறீர்கள்.

வைக்கலாம். உங்கள் நிலையில் அதுவே சரி என்றும் நினைக்கிறேன். தனி வார் கோப்பாக (டாம்கேட்டில் நிறுவும் செயலித் தொகுப்பு) பிரித்தால் ஹைபர்நேட் வகுப்புகளையும் அனுமதி விதிகளையும் இரண்டு இடங்களில் பராமரிக்க வேண்டியிருக்கும். ஓர் இடத்தில் திருத்தி மற்றதில் மறந்துவிடும் நாள் நிச்சயம் வரும். ஆனால் ஜார் கோப்பிலிருந்து தொடங்கியதுதான் சிக்கலுக்குக் காரணம். புதிதாக எழுதும் செயலியில் கோரிக்கை நேராகச் சேவையின் வகுப்புக்குப் போய்ச் சேரும். பத்தாண்டு பழைய செயலியிலோ அது நான்கைந்து ஃபில்டர்களை, அதாவது கோரிக்கையை வழியில் சோதிக்கும் வகுப்புகளை, கடந்துதான் உள்ளே போக முடியும். ஆகவே ஜெர்சியைத் தொடுவதற்கு முன் செயலியின் உள்ளமைவைச் சொல்லும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு ஃபில்டர் மேப்பிங்கையும் (எந்த முகவரிக்கு எந்த ஃபில்டர் என்ற பதிவு) வரிசை மாறாமல் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்வதில் பாதி அந்தத் தாளைப் பற்றியதுதான்.

முதலில் பதிப்புகள். ஜாவா ஈஈ தொழில்நுட்பத்தை ஆரக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்போவதாக 2017ஆம் ஆண்டில் அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக 2020ஆம் ஆண்டில் வந்த ஜகார்த்தா ஈஈ 9 பதிப்பில், ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 9 பழைய பெயர்களை மட்டுமே அறியும். டாம்கேட் 10 முதல் புதிய பெயர்கள் மட்டுமே. ஜெர்சியிலும் இதே பிளவு உண்டு: 2.x வரிசை பழைய பெயர்களுக்கு, 3.x வரிசை புதிய பெயர்களுக்கு. நீங்கள் டாம்கேட் 9 வைத்திருப்பதால் ஜெர்சி 2.x தவிர வேறு வழியில்லை. ஜெர்சி 2.x வரிசையின் பிற்கால வெளியீடுகள் இழுத்துவரும் ஏபிஐ ஜார் கோப்பின் பெயரில் ஜகார்த்தா என்று இருக்கும். பதிப்பு எண் 2.1 என்று தொடங்கினால் அதற்குள் இருப்பவை பழைய ஜாவாக்ஸ் பேக்கேஜ்களே. கோப்பின் பெயரைப் பார்த்து அஞ்சி அதை நீக்கிவிட வேண்டாம்.

நீக்க வேண்டியது வேறொன்று. ஜெர்சி பின்பற்றும் ஜாக்ஸ்-ஆர்எஸ் தரத்தின் முதல் பதிப்பான ஜேஎஸ்ஆர் 311 வெளிவந்தது 2008ஆம் ஆண்டில், 2.0 பதிப்பு வந்தது 2013ஆம் ஆண்டில். பழைய செயலிகளில் யாரோ எப்போதோ சேர்த்த ஜேஎஸ்ஆர்311-ஏபிஐ என்ற ஜார் கோப்பு லிப் அடைவில் இன்னும் கிடக்கும். அதிலும் புதிய ஏபிஐ கோப்பிலும் அப்ளிகேஷன் என்ற ஒரே வகுப்பு இருக்கிறது. பழையதில் கெட்பிராப்பர்ட்டீஸ் என்ற மெத்தட் கிடையாது. எந்த ஜார் கோப்பு முதலில் ஏற்றப்படுகிறதோ அதுவே வெல்லும். அப்படிப் பழையது வென்றுவிட்டால், செயலி தொடங்கும்போதே அந்த மெத்தட் இல்லை என்ற நோ-சச்-மெத்தட் பிழை லாக்கில் விழும், கோரிக்கைகளை ஏற்கும் வகுப்பான சர்வ்லெட் எழும்பாது. மேவன் பயன்படுத்துகிறீர்கள் என்றால் டிப்பென்டென்சி-ட்ரீ கட்டளையை ஓட்டி, அந்தக் கோப்பை எந்த நூலகம் இழுத்துவருகிறது என்று கண்டுபிடித்து விலக்குங்கள். சர்வ்லெட் ஏபிஐயின் ஸ்கோப் புரொவைடட் என்று இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்; டாம்கேட் தானே அதை வைத்திருக்கிறது.

இன்னும் இரண்டு ஜார் கோப்புகளைப் பலர் தவறவிடுகிறார்கள். ஜெர்சி 2.26 பதிப்பிலிருந்து எச்கே2 (பொருள்களை உருவாக்கி ஒன்றோடொன்று இணைக்கும் நூலகம்) இணைப்பு தனிக் கோப்பாகப் பிரிக்கப்பட்டது. ஜெர்சி-எச்கே2 இல்லாவிட்டால் இன்ஜெக்‌ஷன்-மேனேஜர்-ஃபேக்டரி கிடைக்கவில்லை என்ற பிழையோடு எல்லாம் நின்றுவிடும். ஜேசன் மறுமொழிக்கு ஜெர்சி-மீடியா-ஜேசன்-ஜாக்சன் வேண்டும். அது இல்லாதபோது சேவை இயங்கும், மெத்தடும் கடைசி வரி வரை ஓடும், பொருளை ஜேசனாக எழுதும் இடத்தில்தான் மெசேஜ்-பாடி-ரைட்டர் இல்லை என்று லாக்கில் பதிந்துவிட்டு 500 வரும். மெத்தடில் பிழை இருப்பதாக எண்ணி ஒரு நாளை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி வெப்.எக்ஸ்எம்எல். அப்ளிகேஷன்-பாத் என்ற அனோட்டேஷன் இருந்தால் இந்தக் கோப்பில் எதையும் எழுத வேண்டியதில்லை என்று பல பாடங்கள் சொல்கின்றன. புதிய செயலிக்கு அது பொருந்தும். உங்கள் செயலியின் சர்வ்லெட்டுகளும் ஃபில்டர்களும் முழுவதும் வெப்.எக்ஸ்எம்எல்லில் இருக்கும்போது, வலைச் சேவையை மட்டும் அனோட்டேஷனில் வைத்தால் அடுத்து வருபவர் கோப்பைப் படித்துவிட்டு அப்படி ஒரு சேவை இருப்பதையே அறியமாட்டார். ஆகவே வெளிப்படையாக எழுதுங்கள் என்பதே என் பரிந்துரை. ஒரு சர்வ்லெட் பதிவு. அதன் வகுப்பு, ஜெர்சியின் சர்வ்லெட் பேக்கேஜில் உள்ள சர்வ்லெட்-கன்டெய்னர். இனிட்-பாராம் ஒன்றில் பெயராக ஜாவாக்ஸ்.டபிள்யூஎஸ்.ஆர்எஸ்.அப்ளிகேஷன், மதிப்பாக நீங்கள் எழுதும் ரிசோர்ஸ்-கான்ஃபிக் வகுப்பின் முழுப்பெயர், லோட்-ஆன்-ஸ்டார்ட்டப் 1, மேப்பிங் /ஏபிஐ/* என்று இருக்கட்டும். லோட்-ஆன்-ஸ்டார்ட்டப் கொடுக்காவிட்டால் முதல் கோரிக்கை வரும்வரை ஜெர்சி எழும்பாது. உள்ளமைவில் இருக்கும் பிழை இரவு நிறுவும்போது தெரியாமல், மறுநாள் காலை முதல் பயனரின் கையில் வெளிப்படும். ரிசோர்ஸ்-கான்ஃபிக் வகுப்பில் பேக்கேஜைத் தேடச் சொல்வதைவிட, ஒவ்வொரு வகுப்பையும் பெயர் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்தெந்தச் சேவைகள் வெளியே திறந்திருக்கின்றன என்பது அப்போது ஒரே கோப்பில் தெரியும்.

உங்கள் 404 பெரும்பாலும் முகவரிக் கணக்கில் இருக்கிறது. முழு முகவரி மூன்று துண்டுகளால் ஆனது: செயலியின் கான்டெக்ஸ்ட் பாதை, சர்வ்லெட் மேப்பிங், வகுப்பின் மேலுள்ள பாத் அனோட்டேஷன். கான்டெக்ஸ்ட் /கொள்முதல், மேப்பிங் /ஏபிஐ/*, பாத் 'ஆணைகள்' என்றால் முகவரி /கொள்முதல்/ஏபிஐ/ஆணைகள் என்று அமையும். பாத் அனோட்டேஷனிலும் 'ஏபிஐ/ஆணைகள்' என்று எழுதிவிடுவதே வழக்கமாக நேரும் தவறு. அப்போது சேவை /கொள்முதல்/ஏபிஐ/ஏபிஐ/ஆணைகள் என்ற முகவரியில் யாரும் தேடாமல் உட்கார்ந்திருக்கும்.

வந்த 404 டாம்கேட் தந்ததா, ஜெர்சி தந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. உள்ளடக்கம் இல்லாத பிழை மறுமொழியை ஜெர்சி சென்ட்-எரர் வழியாக அனுப்புகிறது. அதை டாம்கேட் பிடித்துத் தன் வழக்கமான பிழைப் பக்கத்தையோ உங்கள் எரர்-பேஜ் பதிவில் உள்ள ஜேஎஸ்பியையோ காட்டிவிடுகிறது. ஜெர்சி.கான்ஃபிக்.சர்வர்.ரெஸ்பான்ஸ்.செட்ஸ்டேட்டஸ்-ஓவர்-சென்ட்எரர் என்ற அமைப்பை ட்ரூ என்று வைத்தால் இந்தத் தலையீடு நின்றுவிடும்: டாம்கேட்டின் எச்டிஎம்எல் வந்தால் கோரிக்கை ஜெர்சியை அடையவில்லை, உடலற்ற 404 வந்தால் அடைந்தும் பாதை பொருந்தவில்லை என்று பிரித்தறியலாம். இதைவிட எளிய சோதனை, /ஏபிஐ/ என்பதன் பின் அப்ளிகேஷன்.வாடில் என்ற கோப்பைக் கேட்டுப் பார்ப்பது. ஜாவா 8இல் ஜெர்சி 2.x தன்னிடம் உள்ள எல்லாப் பாதைகளையும் அதில் பட்டியலிட்டுத் தரும். பயன்பாட்டுக்கு விடும்போது அதை முடக்கிவிடுங்கள். உள் அமைப்பு முழுவதையும் வெளியாருக்குக் காட்டும் கோப்பு அது.

உங்கள் ஸ்ட்ரட்ஸ் சர்வ்லெட் .டூ என்று முடியும் முகவரிகளை ஏற்கிறது. சர்வ்லெட் விதிப்படி முழுப்பொருத்தம் முதலில், அடுத்து மிக நீண்ட முன்னொட்டுப் பாதை, அதன் பிறகே பின்னொட்டு. எனவே /ஏபிஐ/ என்று தொடங்கும் பழைய .டூ முகவரி ஏதாவது இருந்தால் அது இனி ஜெர்சிக்குப் போய்விடும். ஒருமுறை கோப்புகளில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்தத் தாளை எடுங்கள். மேப்பிங் எவ்வளவு சரியாக இருந்தாலும், /* என்று பதிவான ஒவ்வொரு ஃபில்டரும் ஜெர்சிக்கு முன்னால் ஓடும். ஃபில்டர் மேப்பிங்கில் 'இந்தப் பாதை நீங்கலாக' என்று எழுதும் வசதி சர்வ்லெட் தரத்தில் இல்லை. உங்களுக்கு வரும் உள்நுழைவுப் பக்கம் இங்கிருந்துதான் வருகிறது: செஷனில் பயனர் இல்லை என்று கண்ட ஃபில்டர் 302 அனுப்புகிறது, கைப்பேசியின் எச்டிடிபி நூலகம் அதைப் பின்தொடர்ந்து உள்நுழைவு ஜேஎஸ்பியை 200 என்ற நிலைக்குறியோடு பெற்றுக்கொள்கிறது. நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் கைப்பேசிக் குழுவினர் ஜேசனின் முதல் எழுத்தே தவறு என்று மூன்று நாள் புகார் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஜாக்சன் உள்ளமைவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். மறுமொழியை அப்படியே காட்டும் கர்ல் கட்டளையை ஹெடர்களோடு ஓட்டிப் பார்த்தபோது முதல் வரியிலேயே 302 என்றும், அதன் கீழ் லொகேஷன் ஹெடரில் உள்நுழைவு முகவரியும் நின்றன. அவர்கள் சொன்ன முதல் எழுத்து, எச்டிஎம்எல் பக்கத்தின் தொடக்கக் கோணக்குறி. அன்றிலிருந்து, பிரவுசரில் சோதித்தேன் என்று யார் சொன்னாலும் கர்ல் காட்டியதைக் கேட்காமல் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

திருத்தம் ஃபில்டருக்குள் செய்ய வேண்டியது. கோரிக்கை வலைச் சேவைக்கானது என்றால் திருப்பிவிடாமல் 401 அனுப்ப வேண்டும். இதை எப்படிக் கண்டறிகிறீர்கள் என்பதில் பாதுகாப்பே அடங்கியிருக்கிறது. கெட்-ரிக்வெஸ்ட்-யூஆர்ஐ தரும் சரத்தில் /ஏபிஐ/ இருக்கிறதா என்று தேடி, இருந்தால் சோதனையைத் தவிர்க்கும் நிரல்களைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அந்தச் சரத்தில் அரைப்புள்ளிக்குப் பின் வரும் பாதைப் பாராமீட்டர்களும் சேர்ந்தே வரும். ஒருவர் உங்கள் .டூ முகவரிக்கு முன்னால் /ஏபிஐ/..;/ என்று சேர்த்தால், டாம்கேட் அதைச் சீராக்கி ஸ்ட்ரட்ஸ் பக்கத்தைத் திறக்கும், உங்கள் ஃபில்டரோ அதை வலைச் சேவை என்று எண்ணி விட்டுவிடும். கெட்-சர்வ்லெட்-பாத் தருவதையே ஒப்பிடுங்கள். டாம்கேட் பாதையைச் சீராக்கி, எந்த மேப்பிங் பொருந்தியது என்பதை முடிவு செய்த பிறகு கிடைக்கும் மதிப்பு அது. ஜெர்சிக்குப் போகும் கோரிக்கையில் அது சரியாக /ஏபிஐ என்று மட்டுமே இருக்கும்.

சிஎஸ்ஆர்எஃப் ஃபில்டர் (வேறு தளம் பயனரின் குக்கியைக் கொண்டு போலிக் கோரிக்கை அனுப்புவதைத் தடுப்பது) இருந்தால் போஸ்ட் கோரிக்கைகளை அது தடுக்கும். கைப்பேசி ஒவ்வொரு கோரிக்கையிலும் ஆதரைசேஷன் ஹெடரில் டோக்கன் அனுப்புகிறது, குக்கியை நீங்கள் ஏற்பதே இல்லை என்றால் அங்கே அந்தச் சோதனை தேவையில்லை. அதே சேவையை உங்கள் ஜேஎஸ்பி பக்கங்களும் செஷன் குக்கியோடு அழைக்கப் போகின்றன என்றால் கட்டாயம் தேவை. இரண்டையும் ஒரே பாதையில் கலக்காமல், வெளியாருக்கு ஒன்று, உள்பக்கங்களுக்கு ஒன்று எனப் பிரித்துவிடுவது நல்லது.

பழைய லாகிங் ஃபில்டர்களில் வேறொரு வகைப் பொறி இருக்கிறது. கோரிக்கையின் பாராமீட்டர்களைப் பதிவு செய்வதற்காக அவை கெட்-பாராமீட்டரை அழைக்கும். படிவ வடிவில் வரும் போஸ்ட் கோரிக்கையின் உடல் அந்த நொடியே படித்துத் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஃபார்ம்-பாராம் அனோட்டேஷன் உள்ள மெத்தட்கள் மட்டுமே எதிர்பார்த்தபடி இயங்கும் என்று ஜெர்சி லாக்கில் எச்சரிக்கும். ஜேசன் உடலுக்கு இந்தப் பாதிப்பு இல்லை, ஆனால் ஃபில்டர் கெட்-இன்புட்-ஸ்ட்ரீமையே படித்தால் அதுவும் காலி.

செஷனை மறக்க வேண்டாம். எந்த ஃபில்டராவது கெட்-செஷன் என்று வெறுமனே அழைத்தால், இல்லாத செஷன் உருவாக்கப்படும். பிரவுசர் குக்கியை வைத்துக்கொள்ளும். கைப்பேசிச் செயலி பெரும்பாலும் வைத்துக்கொள்ளாது. பத்து விநாடிக்கு ஒருமுறை நிலையைக் கேட்கும் ஒரே ஒரு கைப்பேசி நிமிடத்துக்கு 6 செஷன்களை உருவாக்கும்; டாம்கேட்டின் இயல்பான காலாவதி 30 நிமிடம் என்பதால் எந்நேரமும் 180 செஷன்கள் நினைவகத்தில் நிற்கும். நூறு கைப்பேசிகளுக்கு 18,000. வலைச் சேவையின் பாதையில் கெட்-செஷனுக்கு ஃபால்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்தே அழைக்க வேண்டும்.

தரவுத்தளப் பக்கம் வருவோம். ஹைபர்நேட் செஷனைக் கோரிக்கை முடியும்வரை திறந்து வைக்கும் ஃபில்டர் உங்களிடம் .டூ முகவரிகளுக்கு மட்டும் பதிவாகியிருக்கலாம். அப்படியானால் ஜேஎஸ்பியில் ஓடும் அதே வகுப்பு, ஜெர்சியில் லேசி-இனிஷியலைசேஷன் பிழையைத் தரும். அந்த ஃபில்டரை /ஏபிஐ/* வரை நீட்டிப் பிரச்சினையை மூடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. நீட்டினால் என்ன நடக்கும்? ஆணை வகுப்பிலிருந்து அதன் வரிசைகளுக்கும், வரிசைகளிலிருந்து மீண்டும் ஆணைக்கும் ஜாக்சன் முடிவில்லாமல் சுற்றும். சுற்றாத இடத்திலும் விற்பனையாளரின் வங்கி விவரம்வரை இழுத்து வெளியே அனுப்பிவிடும். என்டிட்டி வகுப்புகளை (தரவுத்தள அட்டவணைகளைப் பிரதிபலிப்பவை) அப்படியே வெளியே தராதீர்கள். அனுப்ப வேண்டிய புலங்கள் மட்டும் கொண்ட எளிய வகுப்பை எழுதி, பரிவர்த்தனைக்குள்ளேயே அதை நிரப்பித் திருப்பி அனுப்புங்கள். இதற்காக ஆக்‌ஷன் வகுப்புகளில் புதைந்திருக்கும் வணிக விதிகளைத் தனி வகுப்புக்கு எடுக்க வேண்டியிருக்கும். மொத்த வேலையில் அதிக நாள் எடுப்பது இதுதான். ஸ்ட்ரட்ஸ் 1க்கான ஆதரவு 2013ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டதால், என்றைக்காவது செய்தே ஆக வேண்டிய வேலையும் கூட.

டாம்கேட்டின் இயல்பான மேக்ஸ்-த்ரெட்ஸ் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகளின் உச்சம்) 200. அதனோடு வரும் டிபிசிபி2 என்ற தரவுத்தள இணைப்புக் குளத்தின் இயல்பான உச்சம் 8. திரையைப் பார்த்துச் சொடுக்கும் மனிதர்களுக்கு எட்டு போதுமானதாக இருந்திருக்கும். கைப்பேசிகள் ஒரே நேரத்தில் கேட்கத் தொடங்கினால் மீதி இழைகள் இணைப்புக்காகக் காத்து நிற்கும், உங்கள் ஜேஎஸ்பி பயனர்களும் அவற்றோடு சேர்ந்து காத்திருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து, தரவுத்தளம் தாங்கும் அளவுக்கு உயர்த்துங்கள். காத்திருப்புக்கும் ஒரு வரம்பு வையுங்கள்.

தமிழ்ப் பெயர்களைக் கையாளும் செயலி என்றால் இதையும் சோதியுங்கள். 'முருகன்' என்ற பெயர் திரையில் நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடுகள், யூடிஎஃப்-8 வடிவில் 21 பைட்டுகள். மறுமொழியில் ஏழு கேள்விக்குறிகள் வந்தால், சரியான சரத்தை யாரோ தமிழறியாத குறியீட்டு முறையில் பைட்டுகளாக மாற்றியிருக்கிறார்கள். தகவல் அங்கேயே அழிந்துவிட்டது. இருபத்தொன்று போல நீளமான குப்பைக் குறிகள் வந்தால், பைட்டுகள் சரி, படித்தவர் தவறாகப் படித்திருக்கிறார். ஜாக்சன் தானாக யூடிஎஃப்-8இல்தான் எழுதும். நான் கண்ட ஏழு கேள்விக்குறிகள், குறியீட்டு முறையைச் சொல்லாமல் கெட்-பைட்ஸ் அழைத்த ஒரு பழைய உதவி வகுப்பால் வந்தவை: என் கணினியின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8, ஆகவே அங்கே சரியாக ஓடியது, வழங்கியில் டாம்கேட் மொழி அமைப்பே இல்லாமல் தொடங்கப்பட்டிருந்தது. ஜாவா 18 முதல் இயல்பு முறை யூடிஎஃப்-8 என்று ஆக்கப்பட்டுவிட்டது. நீங்கள் ஜாவா 8இல் இருப்பதால் ஒவ்வோர் அழைப்பிலும் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

பிழைகளுக்கு எக்செப்ஷன்-மேப்பர் ஒன்றை எழுதி, கைப்பேசிக்கு எப்போதும் ஜேசனே போகும்படி செய்யுங்கள். அதே மேப்பரில் முழு ஸ்டாக் ட்ரேஸையும் லாக்கில் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஜெர்சி அதைக் காட்டாது, பிழை உங்கள் மேப்பருக்குள்ளேயே மறைந்துவிடும்.

ஸ்பிரிங் எம்விசி ஏற்கெனவே இருக்கும் செயலி என்றால் ஜெர்சியைக் கொண்டுவரச் சொல்லமாட்டேன். அதன் ரெஸ்ட்-கன்ட்ரோலரே போதும். மறுபக்கம் டபிள்யூஎஸ்டிஎல் (எக்ஸ்எம்எல் வழியாகப் பேசும் சோப் சேவையின் விவரக்கோப்பு) கேட்கும் நிறுவனமாக இருந்தால் சோப் சேவைக்கு அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் நூலகத்தை இதே முறையில் தனி சர்வ்லெட்டாக, தனிப் பாதையில் சேர்க்கலாம். சோப், எக்ஸ்எம்எல் வேலைகளுக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ், ஜாக்ஸ்பி ஆகிய இரண்டும் 2018ஆம் ஆண்டு வந்த ஜாவா 11இல் ஜேடிகேயிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஜாவா 8இல் தானாகக் கிடைத்தவற்றை அங்கே ஜார் கோப்புகளாகச் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. டாம்கேட்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலை வழங்கி நின்று எச்டிடிபிஎஸ் இணைப்பை முடித்துக்கொள்கிறது என்றால், புதிய ஆணை உருவானதும் 201 மறுமொழியின் லொகேஷன் ஹெடரில் ஜெர்சி தரும் முகவரி வெறும் எச்டிடிபி என்று தொடங்கும், கைப்பேசி அதை ஏற்க மறுக்கும். என்ஜின்எக்ஸ் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரை அனுப்பட்டும், சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் ரிமோட்-ஐபி-வால்வைச் சேர்த்து அதன் புரோட்டோகால்-ஹெடர் பண்பில் அந்தப் பெயரையே கொடுங்கள். மேலே சொன்ன அனைத்தையும் செய்தும் உங்கள் முதல் 404 நீங்கவில்லை என்றால், அந்தத் தாளில் எழுதிய ஃபில்டர் வரிசையையும் கர்ல் காட்டிய ஹெடர்களையும் அப்படியே அனுப்புங்கள். எங்கே நிற்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.